செவ்வாய்க்கிழமை, பரப்பாடி

என் வண்டிச் சத்தம் கேட்டால்
இந்தத் தெருவில் டிவிகள் வாயை மூடும்.
கொடியில் காயும் சேலைக்குப் பின்னால்
ஒரு கால் மட்டும் தெரியும், பிறகு அதுவும் போகும்.
"அம்மா ஊர்ல இல்ல" என்று
ஒப்பித்துவிட்டு ஓடுகிற பிள்ளைக்கு
முன்பல் இரண்டும் இல்லை.
குழுக்கடன் வசூலிப்பவனுக்கு
இதெல்லாம் சம்பளத்தில் சேர்த்தி.

அது மட்டும் ஓடி வரும்.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து
செம்மண் உதிர உதிர,
வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆட,
போன வாரம் செத்துப்போன நான்
இந்த வாரம் எழுந்து வந்ததுபோல.
செம்பட்டை நிறம். ஒரு காது கிழிசல்.
மேலத்தெருவில் அதன் பெயர் ராக்கெட்,
கீழத்தெருவில் "சவமே".
இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் திரும்பும்.

பிஸ்கட்டுக்குத்தான் என்று நினைத்தேன்.
மூன்று வாரம் வெறுங்கையோடு போய்ப் பார்த்தேன்.
ஆளைச் சோதித்தே பழகிய புத்தி
நாயையும் விடவில்லை.
மூன்று வாரமும் அதே இடுப்பு, அதே ஆட்டம்.
என் பேரில் அது
பாக்கி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

மறதி என்று சொல்லிவிடாதீர்கள்.
டீக்கடை சவரிமுத்து
வெந்நீரை மேலே ஊற்றிய நாள் அதற்குத் தெரியும்.
அந்தக் கடை வாசலை மட்டும்
அரைவட்டம் போட்டுத்தான் தாண்டும்.
வட்டம் முடிந்ததும்
விட்ட குதியை விட்ட இடத்திலிருந்து குதிக்கும்.
தச்சநல்லூரில் ஒரு வீட்டைத் தாண்டாமலிருக்க
பதினோரு வருஷமாகச் சுற்றிப் போகிறேன் நான்.
இன்னும் அந்த வளைவிலேயேதான் இருக்கிறேன்.

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள்.
முப்பிடாதி மூன்று தவணை பாக்கி.
கதவில் பூட்டு.
முறத்தில் பாதி நறுக்கிய பீடி இலை,
வாய் பிளந்தபடி கத்தரிக்கோல்.
"எக்கா" என்றேன். "முப்பிடாதியக்கா."
தூரத்துக் காற்றாடிகளின் உறுமல்தான் பதில்.
நாய் என்னைப் பார்த்தது.
பிறகு குளிக்கிற இடத்து ஓலைத் தட்டியைப் பார்த்து
வாலை ஆட்டத் தொடங்கியது.
ஆட்டியது, ஆட்டியது.
அங்கே ஆள் இருக்கிற சந்தோஷத்தை
யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அதற்கு.

தட்டிக்கு மேலே ஒரு தலை எழும்பியது.
"ஏ மூதி, காட்டியா குடுக்க?"
கோபம் பாதியில் உடைந்து
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எனக்கும்.
எல்லாரும் வந்து சேர்ந்துவிட்ட கல்யாண வீடுபோல
எங்களுக்கு நடுவே அது சுற்றிச் சுற்றி ஓடியது.

"வெள்ளிக்கிழம தந்துருதேன் அண்ணாச்சி."
வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்று
மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும்.
சங்கத்துச் சம்பளம் வராத வெள்ளி,
மேனேஜர் போனில் கத்துகிற வெள்ளி.
மூன்றாவது ஆள் அதற்குள்
ஈர மண்ணில் முதுகைப் போட்டு
நாலு காலும் வானம் பார்க்க உருண்டுகொண்டிருந்தது.

செல்போனில் பதிந்தேன்: வீடு பூட்டியிருந்தது.
பொய்யில்லை. பூட்டு இருந்தது.

நாயைப் பார்த்துக் கற்றுக்கொள் என்பார்கள்.
அது எதையும் கற்றுத்தரவில்லை எனக்கு.
அதற்கு நேரமில்லை.

வாய்க்கால் பாலம் வரைக்கும் துரத்தி வரும்.
அங்கே நின்று, திரும்பி, போய்விடும்.
ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.
நான்தான் வாராவாரம் கண்ணாடியில் பார்ப்பேன்.
அன்றைக்கு என்னவோ
பாலத்தைத் தாண்டியதும் வண்டியை அணைத்தேன்.
நாங்குநேரியில் நாலு மணிக்கு இருக்க வேண்டும்.
மணி நாலேகால்.

சத்தம் நின்றதும் அதுவும் நின்றது.
கிழிந்த காது மட்டும் என் பக்கம் திரும்பியது.
பிறகு உடம்பு.
பிறகு ஓட்டம்,
செம்மண் உதிர உதிர, வாலோடு இடுப்பும் ஆட,
செத்துப்போனவன் எழுந்து வந்ததுபோல,
முதலிலிருந்து.

நான் கிளம்பி
ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.