கழிவு

ராத்திரி எட்டுக்கு ஒன்று,
நடுவில் கோடு போட்ட வெள்ளை.

"அதைத் தின்னுட்டா பால் குடுக்குற?"
பீலிக்கரையில் கேட்டாள் மச்சாள் பவளக்கொடி.
நாலு நாள் விட்டுப் பார்த்தேன்.
அஞ்சாம் நாள் லோஜிதா அழுதது
அடுத்த லயத்துப் பிள்ளை அழுவதுபோல் கேட்டது.
மடியில்தான் கிடந்தாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏசவில்லை.
இந்த மாத்திரை பாலில் கொஞ்சமாய்த்தான் இறங்கும்,
நீயாக நிறுத்தாதே,
நீயாக வேறெதையும் சேர்க்காதே.
பிள்ளை தூங்கித் தூங்கி வழிந்தால்,
காம்பைப் பிடிக்காவிட்டால்
பேர் போனாலும் பரவாயில்லை, உடனே வா.

விழுங்கிவிட்டு ராவெல்லாம்
போன் வெளிச்சத்தில்
அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்திருந்தேன்.
விடியுமுன் அவளே எழுப்பினாள், பசித்து.

இன்றைக்கு பிள்ளைக்காம்பராவில் கிளினிக்.
எனக்குத் தெரிந்த தராசு மலையில்தான்:
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று,
மிச்சம்தான் என் கணக்கில் விழும்.
இங்கே மிட்வைஃப் மிஸ்
துணியில் போட்டு அவளைத் தொங்கவிட்டாள்.
முள் ஆடியது. நின்றது.
ஐந்து கிலோ நானூறு.

"ஒன்னுங் கழிக்க மாட்டீங்களா மிஸ்?"

அவளுக்கு விளங்கவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது,
சட்டை நனையப் பாலும்.