பனிக்கன்குளம் கடவையில் கொப்ளர்

மச்சாள், நீ கப்பலில் போட்ட பெட்டி வந்து சேர்ந்தது.
மூன்று மாதம். ஒரு பக்கம் நசுங்கல்.
பால்மா ரின், சொக்லேற், பெடியனுக்குச் சப்பாத்து,
நடுவில் போர்வை சுற்றி
இந்தக் குக்கர்.

நூற்றிப்பத்து வோல்ட்டாம்.
எங்கட கறண்டில் குத்தினால் புகைதான் என்று
றேடியோக்கடை ஞானசீலன் கையெடுத்துக் கும்பிட்டான்.
பிறகு அவனே ஒரு ரான்ஸ்போமர் தந்தான்,
நாலு செங்கல் பாரம், கிழமைக்கு இருநூறு ரூபாய்.
இரைச்சலெல்லாம் அதுக்குத்தான்.
குக்கருக்கு வாயே இல்லை.

வீட்டில் வைத்தால் ஆர் பார்ப்பது?
பன்னிரண்டு மணித்தியாலம் நான் ரெயில் கடவையில்.
சைக்கிள் கரியரில் கட்டி
காவல் கொட்டிலுக்கே கொண்டுவந்தேன்.
ஒரு பல்ப், ஒரு பிளக்,
ஒரு சிவப்புக்கொடி, ஒரு பச்சைக்கொடி,
இனி இதுவும்.

நீ சொன்ன பீச் இங்கே எந்த மரத்தில் காய்க்கும்?
ஆனி மாதம். காட்டோரம் பாலைப்பழம் சொரியுது.
இரண்டு பேணி வாங்கினேன்,
அரைப்பேணி வாங்கின இடத்திலேயே முடிந்து
உதடு ஒட்டிப் பேச்சு நின்றது.
அந்தப் பால் சட்டியையும் பிடிக்கும் என்று
தேங்காயெண்ணெயை விரலால் அடிவரை பூசினேன்.
கனிந்து கறுக்கத் தொடங்கின அம்பலவி மூன்று,
பாதித் தேசிக்காய்.
மேலே கோதம்பு மா, மாஜரீன், சீனி, பால்,
ஒரு நுள்ளு அப்பச்சோடா.
கரைத்து ஊற்றுவதா, பிசைந்து கிள்ளி வைப்பதா?
நீ சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் விட்டேன்.

வேர்வை மாவில் சொட்டாமல்
மூடிக்குக் கீழே துணி விரி என்றாய்.
விரித்தேன். கண்ணாடி மூடி மறைந்தது.
இனி மூக்குத்தான் கண்.

ஆறு மணித்தியாலம் என்பதை
எனக்கு ரெயிலில்தான் எண்ண வரும்.
முதல் ரெயிலுக்குப் பச்சை மா மணம்.
எண்ணெய் வண்டிக்கு எண்ணெய் மணம் மட்டும்.
பதினொன்றேகாலுக்குக் கறண்ட் நின்றது.
ரான்ஸ்போமர் வாய் மூடியதும் காடு கேட்டது:
குரங்குகள், எங்கேயோ மரம் அரியும் மில்.
திறக்கத் துடித்த கையைச்
சிவப்புக்கொடிக்குள் சுற்றி வைத்தேன்.
நாற்பது நிமிடம்.

பிறகு பல்ப் மினுங்கியது,
செங்கல் மறுபடி முணுமுணுத்தது.

யாழ்தேவிக்குக் கேற்றை இறக்கினேன்.
விறகேற்றின லாண்ட்மாஸ்டரில் இரத்தினகோபால் அண்ணை,
தினமும் கேற்றைத் திட்டுகிறவர்.
பின்னால் ஸ்கூட்டியில் ஒரு தாதி,
பள்ளிக்கூடம் விட்ட இரண்டு பெட்டைகள்.
"என்ன தங்கச்சி மணக்குது?"
"கொப்ளர்."
"கொப்பரோ?" என்று சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்றது.
எங்கட அப்பரை அவருக்குத் தெரியும்.
கடைசியாய்க் கண்ட இடமும் தெரியும்.
தண்டவாளம் அதிரத் தொடங்கியது.
"இல்லை அண்ணை, கொப்ளர்.
வேகேக்க கொப்பளிக்கும், அதாலை" என்றேன்.
(அப்படித்தானோ மச்சாள்? வாயில் வந்ததைச் சொன்னேன்.)

ரெயில் போனது. கேற்றை உயர்த்தினேன்.
ஒருவரும் அசையவில்லை.
எட்டு வருசத்தில் முதல்முறை,
திறந்த கேற்றுக்கு முன்னால் ஆட்கள் நிற்பது.

மூடியைத் தூக்கினேன். கண்ணில் ஆவி.
நீ அனுப்பின படத்தில் போல மேல் சிவக்கவில்லை,
வெளிறின கன்னம்.
கறண்ட் நின்ற கோபமோ, ஒரு மூலையில் பிசுபிசு மா.
ஓரத்தால் மட்டும் மஞ்சள் பாகு
கொப்பளித்து, கொப்பளித்து
என்னைப் பொய்க்காரி ஆக்காமல் காப்பாற்றியது.

பெட்டைகள் தேக்கிலை பறித்து வந்தார்கள்.
இருந்தது ஒரே கரண்டி.
தாதி ஊதி ஊதித் தின்றாள், டியூட்டிக்குப் பிந்தினாள்.
இரத்தினகோபால் அண்ணை இலையை வழித்து நக்கி,
உதடு ஒட்டியதுபோலக் கொஞ்ச நேரம் சும்மா நின்று,
"உப்புக் காணாது" என்றார்.
ஏறினார். கோர்ன் அடிக்காமல் போனார்.

உப்பு அனுப்பாதே, மச்சாள்.
ஆனையிறவு கிட்டத்தான்.
பெடியனுக்கு அடிச்சட்டி வைத்திருக்கிறேன்.
ரான்ஸ்போமருக்கு
மற்றக் கிழமை வாடகையும் கட்டியாயிற்று.