சம்பளத்துக்கு நரி

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், விடியாத ஆறு மணி.
கார் டிக்கியில் பாட்டில்.
மூன்று பை போட்டுக் கட்டினாலும்
நரி மூத்திரம் வீட்டுப் படி ஏறக்கூடாது
என்று கெத்தின் நேற்றே சொல்லிவிட்டான்.

சட்டம் வந்தபின் இங்கே நரியைத் துரத்தக்கூடாது.
நரியின் வாடையைத் துரத்தலாம்.
வாடைக்கு ஓர் ஆள் வேண்டும்.
தீவனக் கடைக் கல்லாவில் உட்காரும் நான்
ஆண்டுக்கு ஒரு காலை
நரி.
நாற்பது பவுண்டு, பெட்ரோல் தனி.

கந்தலைக் கயிற்றில் கட்டி, நனைத்து,
பெடோஸின் டர்னிப் வயலில் இழுத்தேன்.
மண் உறைந்து கிடந்தது,
ஒவ்வொரு டர்னிப்பும் காலை இடறியது.
நேராகப் போனால் நாய்களுக்கு அலுத்துவிடுமாம்,
நரி மாதிரி யோசித்துப் போ என்கிறார்கள்.
யோசித்தேன்.
வேலிக்குள் நுழைந்தேன், ஓடையில் இறங்கினேன்,
பூட்ஸுக்குள் தண்ணீர்.
கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வளைவு
(அங்கே மாமனார். மன்னிக்கவும் என்றேன்).
பழைய சரளைக்குழி வரை நாலு மைல்.
நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன,
மேலே விழுந்து பிடுங்க யாரும் வரப்போவதில்லை.

பதினொரு மணிக்குச் சதுக்கம்.
குதிரைகளின் முதுகிலிருந்து எழுந்த ஆவி
மருந்துக்கடைப் பலகையைப் பாதி மறைத்தது.
தட்டுத் தட்டாகப் போர்ட் ஒயின், சாசேஜ் ரோல்.
மதுக்கடை ப்ரீஸ்
இந்தப் பக்கத்துக்கும் ஊற்றினார், அந்தப் பக்கத்துக்கும் ஊற்றினார்.
ஊர் இரண்டுபட்டால்...
மீதியை அவர் கல்லா சொல்லும்.

அந்தப் பக்கம் என்றால் வங்கி வாசல்:
பதினாலு பேர், அட்டைகள், ஒரு தகர டிரம்.
அட்டை பிடித்தவர்களில் தபால்காரி மோர்வென்,
வாரத்தில் ஆறு நாள் என் கதவைத் தட்டுகிறவள்.
கையசைத்தாள். நானும் அசைத்தேன்.
உடனே இருவரும் வேறு எதையோ பார்த்தோம்.

நாய்கள் வந்தன.
ஒன்று இரண்டு என்று எண்ணமாட்டார்கள் இங்கே,
ஜோடிக் கணக்கு: பதினேழரை ஜோடி.
அந்த அரை, டாம்சன் என்ற கிழட்டுப் பெட்டை.
தள்ளுவண்டிக் குழந்தைகளை விலக்கி
கால்களுக்கிடையில் புகுந்து
என்னிடம் வந்தாள்.
குளித்திருந்தேன். கோட்டு வேறு, பூட்ஸ் வேறு.
மணிக்கட்டை முகர்ந்தாள்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
குரல் கொடுத்தாள்.

முப்பத்து நாலு தலைகள் திரும்பின.

"பிடிச்சிட்டாங்கப்பா டிலிஸை!"
கூட்டம் சிரித்தது. யாரோ போனில் படம் எடுத்தார்கள்.
நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்,
கிளாஸ் கல்லில் விழுந்து சிதறியிருந்தது.
அந்த மூன்று நொடியில்
சதுக்கத்தில் எத்தனை சந்து என்று
என் கால்கள் எண்ணி முடித்திருந்தன:
மருந்துக்கடைக்குப் பின்னால் ஒன்று, குதிரைகள் அடைத்துவிட்டன.
வங்கியை ஒட்டி ஒன்று,
அங்கே மோர்வென் நிற்கிறாள்,
வழி விடுவாள்.

டாம்சன் என் விரலை நக்கினாள்.
சாட்டை சொடுக்கியது, கொம்பு ஊதியது,
எல்லோரும் வயல் பக்கம் போனார்கள்.
லத்தி வழிக்க மண்வெட்டியோடு ஒரு பையன் மிச்சம்.

மூன்றரை மணி. இருட்டு இறங்குகிறது.
எலுமிச்சையும் உப்பும் போட்டு
மூன்றாவது முறை கைகழுவுகிறேன்.
ஜன்னலுக்கு வெளியே நாய்களின் சத்தம்.
சரளைக்குழிப் பக்கமிருந்து இல்லை,
மேட்டுக்கு அந்தப்புறம், பிர்ச் காட்டிலிருந்து.
நான் எதையும் இழுக்காத காடு.
கெத்தின் டிவியின் ஒலியைக் கூட்டுகிறான்.
கொம்பு நீளமாக, விட்டு விட்டு, நீளமாக.
அதற்கு என்ன அர்த்தமென்று
இந்த ஊரில் பால்குடிக்குக்கூடத் தெரியும்.

போன் அடிக்கிறது. மோர்வென்.
"அந்தக் காட்டு வழியா நீ போனியா?
ஒரே வார்த்தை போதும், டிலிஸ்."

ஃப்ரிட்ஜ் மேல் உறை, இன்னும் பிரிக்கவில்லை.
இல்லை என்கிறேன்.
குழாய் திறந்தே இருக்கிறது, தண்ணீர் இரைகிறது.
கேட்கவில்லை,
இன்னொரு முறை சொல் என்கிறாள்.