அச்சு அசல்

கோத்தன்பர்க் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய கயிற்றுக் கிடங்கின் மூன்றாம் மாடியில்
நான் கார்களுக்கு அழுக்குப் பூசுகிறேன்.
சம்பளம் அதற்குத்தான்.

சேர்ந்த புதிதில் எங்கள் கார்கள்
சோப்புக் கட்டிகள் மாதிரி இருந்தன.
சக்கரம் தரையைத் தொடும், அழுத்தாது.
தன்மேல் ஒன்றரை டன் இருக்கிறதென்று
எந்த டயரும் ஒப்புக்கொள்ளவில்லை.
பார்த்தவர்கள் "அழகு" என்றார்கள்.
"எங்கே எடுத்தது?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

சிக்ஸ்டன்தான் சொன்னான்,
வாயில் பாதி இலவங்கப்பட்டை பன்னோடு:
"அடிவயிறு கொஞ்சம் பிதுங்கட்டும்."
பிதுக்கினோம்.
அன்று சாயங்காலம் முதன்முதலாக
ஒரு கார் தரையில் நின்றது.

அப்புறம் கை நிற்கவில்லை.
பெயிண்டுக்கு ஆரஞ்சுத் தோலின் நுண்ணிய மேடுபள்ளம்,
துடைத்த துணி விட்டுப்போன சுழிகள்,
முகப்பு விளக்குக்குள் மூச்சளவு ஈரம்.
கதவுப் பிடிக்கு உள்ளே
கீறல் ஒன்று, அரை விரல் நீளம்.
யார் கீறியது?
மோதிரம் போட்ட கை என்று முடிவு செய்தேன்.
அவளுக்கு எப்போதும் அவசரம் என்றும்.
இல்லாத காரில் ஏற
இல்லாத ஒருத்தி
தினமும் தாமதமாக ஓடிவந்தாள்.

நார்வே பக்கத்து மலைச்சாலைக்கு
வருடத்தில் இரண்டு முறை போவோம்.
முன்பு லாரியில் கார் வரும்.
தார் கறுத்து மின்னுவதற்காகத்
தண்ணீர் வண்டி ஒன்று முன்னே போகும்.
அதை ஓட்டிய ஒட்வார்
மழை பெய்தாலும் கூலி கேட்பார்,
"இது என் மழை இல்லையே" என்பார்.
இப்போது ஒரு முக்காலி,
அதன் தலையில் குரோம் உருண்டை.
வானம், பாறை, உருகாத பனித்திட்டு,
மூக்கு சிவந்த நான்
எல்லாரையும் அது வளைத்து விழுங்கிக்கொள்ளும்.
வெறும் சாலையோடு திரும்புவோம்.
கார் பிறகு வரும்.
மழையும் பிறகு வரும்,
எத்தனை துளி என்று கேட்டுக்கொண்டு.

ஒட்வார் ஒருமுறை போன் செய்தார்:
"இந்த வருஷம் தண்ணீர் வேண்டாமா?"
"ஏற்கெனவே நனைந்துவிட்டது" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மூச்சு மட்டும் கேட்டது.

மார்ச் கடைசியில்,
நிறம் ஒப்பிட என்று தொழிற்சாலை
நிஜக் கார் ஒன்றை அனுப்பி வைத்தது.
மூன்று நாள் கீழே முற்றத்தில் நின்றது, சிவப்பாக.
சிக்ஸ்டன் கைபேசியில் அதைப் படமெடுத்து
நாங்கள் செய்த பதினொன்றுக்கு நடுவே
ஏழாவதாகச் செருகி அனுப்பிவிட்டான்.

மார்ட்டா எக்ஹோல்மின் பதில் மதியம் வந்தது.
பதினொன்று சரி.
ஏழாவதில் நிழல் நம்பும்படி இல்லை.
சிவப்பு செயற்கையாக இருக்கிறது.
திருத்தவும்.

சிக்ஸ்டன் மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தான்.
நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அவள் சொன்னது சரிதான்.
எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயில்
காருக்கு இன்னொரு நிழல் கொடுத்திருந்தது,
தப்பான திசையில், வெளிறிப்போய்.
நான் செய்திருந்தால்
இவ்வளவு கவனக்குறைவாகச் செய்திருக்க மாட்டேன்.

அழித்தோம்.
சிவப்பைக் கொஞ்சம் தணித்தோம்.
நாலு பத்துக்கு ஒப்புதல் வந்தது:
"இப்போதுதான் அச்சு அசல்."

வீட்டுக்குக் கிளம்பும்போது முற்றத்தைச் சுற்றிப் போனேன்.
வெயில் இறங்கியிருந்தது.
இரண்டாவது நிழல் யாரும் அழிக்காமலே போயிருந்தது.
கடற்காகம் ஒன்று கூரைமேல் தன் பங்கை வைத்திருந்தது,
நான் வைத்திருக்கக்கூடிய அதே இடத்தில்.

குனிந்து
கதவுப் பிடிக்கு உள்ளே பார்த்தேன்.
வழவழவென்று இருந்தது.
அவள்
இன்னும் வரவில்லை.