பகுதியில் ஒருவன்

மானூர் வட்டார வள மையத்தில்
பின்னறைக் கணினி என்னுடையது.
சர்வர் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் மூச்சு விடும்.
விடிவதற்குள் ஐம்பத்தெட்டுப் பள்ளிகளின் மதிப்பீட்டு அட்டையைக்
கட்டம் கட்டமாய் நிரப்ப வேண்டும்.

குடிநீர்க் குழாய்க்கு இரண்டு.
கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு ஒன்று
(தாழ்ப்பாள் உண்டா என்றுதான் கேள்வி,
கதவு உண்டா என்று யாரும் கேட்கவில்லை).
வருகைக்கு இருபது.
கற்றல் அடைவுதான் கனத்த தட்டு.

கற்றல் அடைவு ஒரு பின்னம்.
மேலே தொகுதி: பிள்ளைகள் வாங்கியது.
கீழே பகுதி: வாங்கியிருக்கக் கூடியது.
நாலாம் வகுப்பில் எல்லாரும் படித்ததுதான்.
பகுதியில் யார் யாரை உட்கார வைப்பது என்பதற்குத்தான்
இரண்டு நாள் பயிற்சி,
பாளையங்கோட்டையில், மதியச் சாப்பாட்டோடு.

வடக்கு ஊசிக்குளம் பள்ளியில்
தேர்வுக்கு உரியவர் பதினோரு பேர்.
பத்துப் பேர் எழுதி, ஆளுக்கு இருபதில்
எல்லாருமாய்ச் சேர்ந்து நூற்று நாற்பது.
எழுபது விழுக்காடு.
ஜெபக்கனி டீச்சரின் பெருமூச்சைப் போனில் கேட்டேன்.

பதினோராவது சொரிமுத்து.
பிசானம் அறுத்த வயல்களில் கிடை போட
அப்பாவோடும் எண்பது ஆட்டோடும்
முன்னீர்பள்ளம் பக்கம் போயிருக்கிறான்.

"எம்மா, அவன் வந்து எழுதினா ஏறுமா, எறங்குமா?
அத மட்டும் சொல்லு.
பேரெழுதவே அவனுக்குக் கை வளையாது பாத்துக்க."

இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன்.
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் எழுத வேண்டும்,
குறைந்தால் பத்து விழுக்காடு பிடித்தம்.
பதினொன்றில் தொண்ணூற்றைந்து விழுக்காடு
பத்தும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்துக்கும்
ஒரு முழுப் பையன் வேண்டும்.

ஆயிரத்து நூறு பேர் படிக்கிற டவுன் பள்ளியில்
ஐம்பத்தைந்து பேருக்குக் காய்ச்சல் வரலாம்,
தாய்மாமன் கல்யாணம் வரலாம்,
சும்மாவேகூட வராமல் இருக்கலாம்.
வடக்கு ஊசிக்குளத்தில்
ஒருத்தனுக்குத் தும்மல்கூட ஆகாது.

"வராட்டா அறுபது, டீச்சர்.
வந்து மூணு மார்க் எடுத்தா அறுபத்தஞ்சு.
ரெண்டு எடுத்தா ஒண்ணும் செய்ய முடியாது."

அறுபத்தைந்தில்தான் பச்சை தொடங்குகிறது.
அதற்கு ஒரு நூல் கீழே மஞ்சள்.

"மூணா," என்றார்.
கொஞ்ச நேரம் கோட்டில் காற்றுச் சத்தம்.
"சரி. நான் போயிக் கூட்டிட்டு வாரேன்."

விடுபட்டோர் தேர்வு வெள்ளிக்கிழமை.
ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தான்,
எழுதினான், சத்துணவு முட்டை தின்றான்,
பொழுது சாயுமுன் கிடைக்குத் திரும்பிவிட்டான்.

மூன்றே மார்க்.
கடிகார முள்ளை ஏழரையில் வைத்தது ஒன்று.
நான்கு எண்களில் சிறியதை வட்டமிட்டது ஒன்று.
மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு 'இ' என்று குறித்தது.
அந்த 'இ'யில்தான் பள்ளிக்கூடம் பச்சையானது.
கண்ணை மூடியது அவனா, டீச்சரா,
நான் கேட்கவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு மாவட்டம்.
நாற்பத்தோராயிரம் பிள்ளைகள், ஒரே பகுதிக்குள்.
தூக்கம் வராமல் செய்து பார்த்தேன்:
அவனைச் சேர்த்தேன், எடுத்தேன், மறுபடி சேர்த்தேன்.
61.38.
61.38.
61.38.
புள்ளிக்குப் பிறகு மூன்றாம் இடத்தில்
ஏதோ லேசாக அசைந்திருக்கும்.
கட்டம் இரண்டாம் இடத்தோடு கதவைச் சாத்திக்கொள்ளும்.

திங்கட்கிழமை வருகைப் பதிவில்
வடக்கு ஊசிக்குளம்: வராதவர் ஒன்று.
டீச்சருக்குப் போன் போட்டேன்.
பச்சைச் சான்றிதழைச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறாராம்.
சொரிமுத்து? என்றேன்.
"அடுத்த வருசம் ஆறாங்கிளாஸ்லா.
மானூர் பெரிய பள்ளிக்கூடத்துக் கணக்கு."

திரையில் அந்தப் பள்ளியைத் திறந்தேன்.
அறுநூற்று இருபது பேர்.
முப்பத்தொரு பேர் வரைக்கும் வராமல் இருக்கலாம்.
யாரும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
கிடை தேடிப் போக வேண்டியிராது.