பன்னிரண்டில் ஒன்பது

கோட்கா துறைமுகத்தில்
கப்பல்கள் பனியில் சிக்கி நிற்கும் வாரம்.
இயந்திரத்தின் சின்னத் திரை கேட்கிறது:
அடுத்த தட்டை இடவும்.

பன்னிரண்டு சிடிகள். பச்சைப் பேனாவில் என் கையெழுத்து,
2003இல் எனக்குப் பொறுமை இருந்திருக்கிறது.
ஒன்பதாவதில் காபி வட்டம்.
எவனோ கோப்பை வைத்திருக்கிறான்.
நான்தான்.

நடுவிலிருந்து விளிம்புக்குச் சட்டை நுனியால் துடைத்து
உள்ளே தள்ளுகிறேன்.
அறுபத்தொரு சதவீதம்.
பனியுடைக்கும் கப்பல் போனது, திரும்பி வந்தது.
அறுபத்திரண்டு.

விடியுமுன் இருபத்துநான்கு தடங்களும் கரை சேர்ந்தன.
பதினாறுக்குப் பெயர் இல்லை,
ம்யூட் விளக்கு மட்டும் சிவப்பாக.

அணைத்தேன்.
பாஸ் கிதார். யார்க்கோ.
நாங்கள் அவனைக் குழுவிலிருந்து அனுப்பிய வாரத்து வாசிப்பு.
அழித்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்,
அவனிடமும்.
வாயைத்தான் பொத்தியிருக்கிறேன்.

இரண்டாம் சரணத்தில் விரல் பிசகுகிறது.
"மன்னிச்சுக்கோங்க, இன்னொரு தடவை?" என்கிறான்.
கண்ணாடிக்கு இந்தப்புறமிருந்து
பதில் எதுவும் பதிவாகவில்லை.

புது வன்தட்டை மாட்டி
பதினாறுக்குப் பெயர் தட்டுகிறேன்.
எட்டு எழுத்துக்குத்தான் இடம் தரும் இந்த இயந்திரம்.
அவனுக்கு ஆறே போதும்.