ஆறாவது வரி

மஞ்சக்குப்பத்தில்
ஜெராக்ஸ் மிஷினுக்கும் வெற்றிலைக் கடைக்கும் நடுவே
ஒரு மேசை அகலம் என் கடை.
திங்கட்கிழமை மனுநாள்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
பட்டா மாற்றம், விதவைப் பென்ஷன், அடிக்கிற புருஷன்,
எதுவானாலும் 'உயர்திரு' என்றுதான் ஆரம்பிப்பேன்.
அடித்து அடித்து
அந்த 'உ' விசையில் எழுத்தே அழிந்துவிட்டது.

அன்றைக்குப் பதினோரு பேர்.
சோனங்குப்பத்திலிருந்தும் ராசாப்பேட்டையிலிருந்தும்
ஏலம் முடிந்த கையோடு வந்திருந்தார்கள்.
வெற்றிலைக் கடைக்காரர் ஊதுபத்தி ஏற்றினார்.
தில்லைக்கரசி சொல்லச் சொல்ல அடித்தேன்.

ஒன்று, ஏலக்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை.
இரண்டு, அதில் தண்ணீர்.
மூன்று, தாழ்ப்பாள்.
"தாழ்ப்பாளைத் தனியாப் போடு.
சேத்து எழுதினா அதை மட்டும் மறந்துடுவாங்க."
நான்கு, ராத்திரியில் கம்பெனிப் புகை வந்தால்
எடுத்துப் பேசுகிற ஒரு போன் நம்பர்.
ஐந்து, இறால் உரிக்கும் கூலி.
ஆறு
என்றுவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.
குடித்தாள்.
"சட்டசபைக்கு நிறுத்துற ஆளுங்கள்ல
பாதி பொம்பளைங்க.
எந்தக் கட்சியா இருந்தாலும்."

இதைக் கலெக்டரிடமா, என்றேன்.
"காப்பி எடு. கட்சி ஆபீசுக்கெல்லாம் போறோம்."

பெயர்களுக்கு வந்தோம்.
வழக்கம்போல் க/பெ என்று அடித்தேன்.
ரெஜினா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"ஆறாவது வரிக்கு எதுக்குடி புருஷன் பேரு?"
பதினோரு தடவை அழித்தேன்.
சில பெயர்கள் அதன்பின்
மிகச் சின்னதாகத் தெரிந்தன.
பழகிவிட்டது.

முதல் ஆபீசில் டீ கொடுத்தார்களாம்.
"அஞ்சும் நியாயம்மா. ஆறை மட்டும் எடுத்துடுங்க."
இரண்டாவதில், மகளிர் அணிதான் இருக்கிறதே என்றார்கள்.
"இருக்கு. தலைவர் வந்தா
வெயில்ல ஆரத்தித் தட்டோட நிக்கும்,"
என்றாளாம் மெகருன்னிசா.
மூன்றாவதில் ஒருவர் ரொம்ப மரியாதையாக,
பெண்கள் ஜெயிக்கிற தொகுதி அமைந்தால் பார்க்கலாம் என்றார்.
"அந்தத் தொகுதிக்கு
எந்த பஸ்ல போகணும் சார்?"
அவர் நிஜமாகவே யோசித்திருக்கிறார்.

இன்னொரு இடத்தில் கைநாட்டுகளை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.
மை இருக்கிறது, ரேகை இல்லை.
இருபது வருஷம் ஐஸில் இறால் உரித்த விரல்கள்.
ரேஷன் கடை மிஷினுக்கே இவர்களைத் தெரியாது.
"ரேகை எங்கம்மா?"
"இறால் தின்னவங்ககிட்ட இருக்கும்.
கேட்டுப் பாருங்க."

கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் மட்டும் வந்தது:
இனம் 1 முதல் 5 வரை பரிசீலனையில் உள்ளது.
இனம் 6 இவ்வலுவலகம் சார்ந்தது அல்ல.
எந்த அலுவலகம் சார்ந்தது
என்று எழுதவில்லை.

பங்குனி வெயிலில் வேட்பாளர் பட்டியல்கள் வந்தன.
பேப்பரைத் தரையில் விரித்து
மீன் எண்ணுவதுபோல் எண்ணினார்கள்.
மீசை இல்லாத முகம் ஒன்று கிடைத்தது.
சவரம் செய்த ஆண்.
தில்லைக்கரசி சிரித்தாள்.
அப்புறம் நிறுத்தினாள்.

கெடிலத்தில் தண்ணீர் வந்து, போய்,
இன்னொரு தேர்தலின் வாசனை அடிக்கும்போது
மறுபடி வந்தார்கள்.
கழிப்பறை கட்டியாகிவிட்டது. தாழ்ப்பாள் இல்லை.
இந்த முறை மனுவில் ஒரே வரி என்றாள்.
"முதல் அஞ்சு?"
"அது அங்க உக்காந்து
நாங்களே போட்டுக்கிற கையெழுத்து."

அடித்தேன்.
ஒற்றை வரிக்கு மிஷின் தானாக 1 என்று போட்டது.
அழித்து 6 என்று போட்டேன்.
படிப்பவர் முதல் ஐந்தைத் தேடட்டும்.

தாள் சூடாக வெளியே வந்தது.
கீழே இடம் மிச்சம் இருந்தது.
மனு எழுதுகிறவள் மனுதாரராகக் கூடாது என்று
எந்த அரசாணையும் நான் அடித்ததில்லை.
மெழுகுத்துணி மூடிய மேசையில் வைத்து
என் பெயரை எழுதினேன்,
பெரியநாயகி,
முன்னால் எதுவும் இல்லாமல்.

மை காய்வதற்குள் ரெஜினா
மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை
மேசையில் வைத்தாள்.
நோட்டில் மீன் வாசம்.
திருப்பித் தரவில்லை.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.